துணியில் வந்த கறுப்பு

ஒன்றரை வருடமாக ஒரு கிராமபோன் ரெக்கார்டை பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். திருடிக்கொண்டு வந்ததல்ல, பெரியப்பா தன் கையால் எடுத்துக் கொடுத்தது. "அந்த ரெக்கார்டு என்னாச்சுலே?" என்று அவரே ஒரு நாள் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் ஒளித்தேன். அவர் இருப்பது தென்காசியில், நான் இருப்பது சென்னையில். 600 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 83 வயதுக்காரர் வந்து என் அலமாரியைத் துழாவப் போவதில்லை. ஆனாலும் அந்தத் தட்டு மற்றவற்றோடு சேர்ந்து வரிசையில் நிற்பதை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

பெரியப்பா மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஆம்பிளிஃபையரும் குழாயும் பேட்டரியுமாக மாட்டுவண்டியில் போய் இறங்குவார். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பது, ராத்திரி ஏற ஏற இளவட்டங்கள் கேட்பது. கேசட் வந்தபோது கேசட்டுக்கு மாறினார். முழங்கால் வலி வந்தபோது எல்லாவற்றையும் விற்றார். ரெக்கார்டுகளை மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி மச்சில் ஏற்றிவிட்டார். வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தப் பெட்டி எனக்கு வந்தது. 22 எல்.பி. எனும் பெரிய பிளாஸ்டிக் தட்டுகள், 40க்கு மேல் சின்ன ஈ.பி., எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாள் சுற்றிய, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் 11 பழைய 78 தட்டுகள். மூடியைத் திறந்ததும் பாச்சா உருண்டையும் எலிப் புழுக்கையும் பல வருடத்துச் சாரல் ஈரமும் கலந்து ஒரு வாசனை வந்தது. அட்டைகளில் பாதியைச் செல் தின்றிருந்தது. தட்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

கழுவினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போர் தண்ணீர், பேட்டரி தண்ணீர்

முதல் எல்.பி.யைச் சமையலறைக் குழாயில் நேராகக் காட்டி, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினேன். எங்கள் குடியிருப்பில் வருவது போர் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளைக் கோடு கட்டும் தண்ணீர். அதே கோடு ரெக்கார்டில் ஊசி ஓடுகிற பள்ளமான வரிகளுக்குள்ளும் கட்டியது. பூசணம் போய்விட்டது, அந்த இடத்தில் சுண்ணாம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. போட்டுக் கேட்டால் அப்பளம் பொரிக்கிற சத்தம். லேபிளும் நனைந்து ஓரத்தில் உப்பியது. தட்டின் லேபிள் வெறும் காகிதம்தான் என்பது நனைந்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் படிப்படியாகக் கற்றுக்கொண்டேன். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே வரி, சுருள் சுருளாக. 22 நிமிடம் ஓடுகிற பக்கத்தில் அந்த வரியைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். ஊசி முனையின் வளைவோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50இல் ஒரு பங்கு. அதன் மேல் வைக்கும் எடை 2 கிராம் அளவில்தான், ஆனால் அவ்வளவு நுண்ணிய முனை வழியாக இறங்குவதால் அழுத்தம் மிகப் பெரிது. தூசி கிடக்கிற தட்டைப் போட்டால் ஊசி தூசியைத் தள்ளிக்கொண்டு போவதோடு நிற்பதில்லை, வரியின் சுவரில் அரைத்து ஏற்றிவிடும். அதனால் போடுவதற்கு முன்னால் துடைப்பதுதான் முக்கியம். போட்டுக் கேட்டுவிட்டு அழுக்காக இருக்கிறதே என்று துடைப்பவர்கள் பாதி வேலையைக் கெடுத்துவிட்டே தொடங்குகிறார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினையை இன்வெர்ட்டர் கடை தீர்த்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், ஐந்து லிட்டர் கேன். உப்பு எடுத்த தண்ணீர் என்பதால் காய்ந்தபின் கறை விடாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். அதிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும், குடிப்பதற்கு அது நல்லது, ரெக்கார்டுக்கு அல்ல. இந்தத் தண்ணீர் மூன்று பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, குழந்தைகளுக்கான ஷாம்பு ஓரிரு சொட்டு. ஆல்கஹால் வேண்டுமா வேண்டாமா என்று எல்.பி. பிரியர்களுக்குள் ஓயாத சண்டை இருக்கிறது. பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் பொருட்களை அது மெல்ல உறிஞ்சிவிடும் என்பது ஒரு கட்சி, இவ்வளவு நீர்க்க விட்டுச் சட்டென்று துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். கொரோனா காலத்தில் கை கழுவ வாங்கிய கேன் பாதி மிச்சமிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

லேபிளைக் காக்க இரண்டு பிளாஸ்டிக் டப்பா மூடிகள், நடுவில் சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த வளையம், ஒரு போல்ட், ஒரு நட்டு. தேய்க்க, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் மெல்லிய பஞ்சுப் பட்டை. வரி எப்படி ஓடுகிறதோ அப்படியே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. பிறகு வெறும் பேட்டரி தண்ணீரில் ஒரு அலசல். அலசாமல் விட்டால் ஷாம்பு வரிக்குள் காய்ந்துபோய், கழுவினதற்குக் கழுவாமலே இருந்திருக்கலாம். காய வைக்க எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு. தோசைத் தட்டு நிற்கிற இடத்தில் எல்.பி. நிற்கும். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தெருத்தூசி முழுவதும் ஈரத்தட்டில் வந்து ஒட்டும். வெயிலில் வைக்கவே கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கிண்ணம்போல வளைந்துவிடும். சென்னை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு எல்.பி.யை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று செய்துபார்க்க வேண்டியதில்லை.

இந்த முறையில் 22 எல்.பி.யும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் பஞ்சுப் பட்டையில் சாம்பல் நிறமாக ஒன்று வழித்துக்கொண்டு வரும். நாற்பது வருட அழுக்கு! அதைப் பார்ப்பதில் ஒரு அலாதி சுகம். சில நாள் பாட்டைக் கேட்பதைவிட அந்த அழுக்கைப் பார்ப்பதற்காகவே கழுவினேனோ என்று இப்போது தோன்றுகிறது. மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டுவேன். அவள் மாவு வழித்த கையோடு எட்டிப் பார்த்து, "சரி, பாட்டு எப்போ வரும்?" என்பாள்.

கறுப்பு வருது பார்

நான்காவது ஞாயிறு 78களை எடுத்தேன். முதலில் கையில் வந்தது எஸ்.ஜி. கிட்டப்பா. நாடக மேடையில் பாடி நடித்த செங்கோட்டைக்காரர், எங்கள் தாத்தா காலத்துக்குப் பக்கத்து ஊர்க் கடவுள். 1933 டிசம்பரில் 27 வயதில் இறந்துபோனார். மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் அநேகமாக யாரும் இன்று இல்லை. மிச்சமிருப்பதெல்லாம் மூன்று மூன்று நிமிடமாக இந்தத் தட்டுகளில் அடைபட்ட குரல்தான். தாத்தா வாங்கிய ரெக்கார்டு, பெரியப்பா மைக் செட்டில் போட்ட ரெக்கார்டு, இப்போது என் சமையலறை மேடையில்.

தட்டு மங்கிப்போய், தொட்டால் பிசுக்கென்று இருந்தது. எல்.பி.க்குச் செய்த கலவையில் ஆல்கஹால் போதாது என்று நானே முடிவு செய்து, கேனிலிருந்து நேராகத் துணியில் ஊற்றினேன். ஒரு சுற்றுத்தான் துடைத்தேன், துணியில் கரேலென்று கறுப்பு. அதுவரை ஒரு தட்டிலும் அப்படி வந்ததில்லை. எழுபது எண்பது வருடத்து அழுக்கு என்றால் சும்மாவா! துணியை மடித்து வேறு பக்கம் வைத்துத் தேய்த்தேன். இன்னும் கறுப்பு. "கறுப்பு வருது பார், கறுப்பு வருது பார்" என்று உள்ளே கூப்பிட்டுச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. துணி மாற்றினேன். அதிலும் கறுப்பு. வரும் வரைக்கும் எடுத்துவிடலாம் என்று அழுத்தித் தேய்த்தேன். வருவது குறையவே இல்லை.

அழுக்கு என்றால் ஒரு கட்டத்தில் தீரத்தானே வேண்டும். இந்த எளிய கணக்கு எனக்கு மூன்றாவது துணியில்தான் தோன்றியது. நிறுத்திவிட்டு, தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். மங்கலாக இருந்தாலும் முன்பு வரி வரியாக ஒரு மினுமினுப்பு இருந்தது. இப்போது நான் தேய்த்த வட்டம் முழுவதும் சாம்பல் பூத்த கரிபோல, ஒளியே இல்லாமல் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், லேசாக ஒட்டியது. என் கைரேகை அதில் பதிந்தது. துணியில் இருந்தது அழுக்கே இல்லை. அதுதான் ரெக்கார்டு.

காயட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டேன். அந்த ஒரு மணி நேரமும் மேடைப் பக்கம் போகவில்லை. பிறகு போட்டேன். ஆரம்ப வரிகளில் வெறும் இரைச்சல், குற்றாலத்தில் மெயின் அருவிக்குக் கீழே நின்றால் காதில் விழுகிற மாதிரி. உள்ளே எங்கேயோ ஆழத்தில் ஒருவர் பாடுகிறார் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. பாதிக்கு மேல், என் துணி அவ்வளவாக அழுத்தாத இடத்தில், குரல் கொஞ்சம் மேலே வந்தது. அதற்குள் தட்டு முடிந்துவிட்டது.

அவலரக்கு

78 தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கு முன்பே தெரியும். தெரிந்த விஷயம் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டுப் பலாச மரத்திலும் இலந்தையிலும் பூச்சி சுரக்கிற அரக்கு உலகம் முழுக்க ரெக்கார்டு ஆனது. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சரக்கு வருவது சிரமமானதும், அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். 1908இல் கல்கத்தா சியால்தாவில் கிராமபோன் கம்பெனி ஆலை வைத்தபோது, பக்கத்திலேயே அரக்கு கிடைத்ததும் ஒரு வசதி. அப்படியும் தட்டில் அரக்கு மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி கல்பொடி, கொஞ்சம் பருத்தி நார், நிறத்துக்குக் கரி. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் பசைதான் அரக்கு. பசையைக் கரைத்தால் கரியும் கல்லும் துணியோடு வந்துவிடும். எனக்கு வந்த மாதிரி.

கல்பொடி போட்டதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்து இரும்பு ஊசி நம் வைர ஊசி போல அல்ல, ஒரு பக்கம் ஓடியதும் தூக்கிப் போட வேண்டியது. தட்டில் இருக்கும் கல்லே முதல் சில சுற்றுகளில் ஊசியைத் தீட்டி வரிக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும். 100 கிராமுக்கு மேல் எடையோடு, ஊசி மாட்டிய தலையான சவுண்ட் பாக்ஸ் அதன் மேல் உட்கார்ந்து போகும். இன்று 2 கிராமுக்குப் பதறுகிற நாம் அதைக் கண்டால் மயங்கி விழுவோம். நம் ஊரில் 78 அவ்வளவு சீக்கிரம் சாகவும் இல்லை. மேற்கே அதை மறந்துவிட்ட 1960களின் நடுவில்கூட இங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்காக அலைகிறார்கள். அவர்களும் ஸ்பிரிட் கேனைத் தூரத்தில் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மற்ற பத்துத் தட்டுகளை நெடுநாள் தொடவில்லை. பிறகு ஒரு நாள் பயந்து பயந்து, பேட்டரி தண்ணீரில் ஷாம்பு ஒரு சொட்டு, ஆல்கஹால் வாசனைகூடப் படாத புதுப் பட்டை, பிழிந்தெடுத்த ஈரம் மட்டும். ஊற வைக்கவே கூடாது, பருத்தி நார் தண்ணீரைக் குடித்து உப்பும். விளிம்பில் கீறல் இருந்தால் அந்தப் பக்கம் ஈரம் கொண்டுபோகக் கூடாது. துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பாதித் தட்டுகளில் சத்தம் தெளிந்தது. மீதிப் பாதியில் ஒரு மாற்றமும் இல்லை, காரணம் அவற்றில் இருந்தது அழுக்கு இல்லை. ஊசி மாட்டும் பெரியப்பாவின் கனத்த பிக்-அப்பும், இன்னொரு பாட்டுக்குத் தாங்கும் என்று மாற்றாமல் விட்ட ஊசிகளும் வருடக்கணக்கில் உழுத தேய்மானம். அதை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது. சுத்தமாகக் கழுவினால் புதுசு போலப் பாடும் என்று சொல்கிறவர்களை அதற்கப்புறம் நான் நம்புவதில்லை. கிட்டப்பா தட்டின் மறுபக்கத்தையும் கடைசியாக அப்படியே துடைத்தேன். போட்டுக் கேட்கத் துணியவில்லை. திரும்பப் புடவைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

போன மாதம் கண் ஆபரேஷனுக்காகப் பெரியப்பா சென்னை வந்தார். எங்கள் வீட்டில் பத்து நாள். கட்டுப் பிரித்த மறுநாள் முதல் வேலையாக அலமாரிப் பக்கம் போய் நின்றார். தட்டுகளை விளிம்பில் பிடித்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். மைக் செட் காலத்தில் வாயால் ஊதி வேட்டி முனையால் துடைத்துப் போட்ட மனிதர், லேபிளையும் விளிம்பையும் தவிர எங்கேயும் விரல் வைக்கவில்லை. அதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"கிட்டப்பா எங்கலே?"

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தட்டைச் சாய்த்து, ஆபரேஷன் செய்த கண்ணால் அந்தச் சாம்பல் வட்டத்தைப் பார்த்தார்.

"ஸ்பிரிட்டா ஊத்துன?"

"ஆமா பெரியப்பா."

"ஏலே, அது அவலரக்குல்லா. அவலரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத்தான ஆசாரி பெஞ்சுக்கும் கதவுக்கும் பாலிஷ் போடுதான். அவன்ட்ட கேட்டிருந்தா சின்னப் பயகூடச் சொல்லியிருப்பானே."

கோபம் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. வெளிநாட்டுக் காணொளிகளில் மணிக்கணக்காகத் தேடியவனுக்கு, எங்கள் தெருமுனையில் கதவு செய்கிறவரிடம் கேட்கத் தோன்றவில்லை. தாத்தா வீட்டுத் திண்ணையில் பாட்டில் நிறைய அவலரக்கு ஊறிக்கொண்டிருந்ததை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவல் மாதிரி தகடு தகடாகப் போடுவார்கள், மறுநாள் தேன் நிறத்தில் கரைந்து கிடக்கும்.

"அந்தப் பக்கம் போடு" என்றார்.

78க்கான தடித்த ஊசியை மாட்டினேன். எல்.பி. ஊசி இதன் அகலமான வரியில் அடியில் போய்க் குப்பையைக் கிளறும். இதற்கு அதைப்போல நான்கு மடங்கு பருமன் வேண்டும். கிட்டப்பா பாடத் தொடங்கினார். மேலே இரைச்சல் இருந்தது, ஆனால் குரல் அதை உதறிவிட்டு எழுந்து வந்தது. பெரியப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும், கையை உயர்த்தினார்.

"இப்ப வரும் பாரு."

டொக். ஒரு சுற்று. டொக். இன்னொரு சுற்று.

"செங்கோட்டைப் பக்கம் ஒரு கொடை. சாமியாடி ஆடிட்டே வந்து மேசையில இடிச்சுட்டான். ஊசி எகிறி விழுந்துச்சு. சாமி வந்தவன என்னத்தச் சொல்ல?" சொல்லிக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். டொக். டொக். கீறல் குறுக்கே விழுந்த வரிகள் முடிந்து குரல் தெளிவாக மேலே போனது. அவர் மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டுல்லா இருக்கணும்," என்றார். "ஒண்ணு குறையுது. இந்தப் பக்கத்தையும் கழுவுனியோ?"